மண்ணை நக்கி நூற்றாண்டு சொன்னவர்

குனிவார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கு நுனியில் வைப்பார். கண்ணை மூடுவார். வேனில் வந்த கஸ்டமர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, ஜுரம் எவ்வளவு என்று சொல்கிற டாக்டர் மாதிரி சொல்வார்.

"ஏழாம் நூத்தாண்டு."

நானும் ஒரு நாள் யாரும் பார்க்காதபோது அதே இடத்தில் நக்கிப் பார்த்தேன். ஆட்டுப் புழுக்கை. அது எந்த நூற்றாண்டு ஆடு என்று கண்டுபிடிக்க எனக்குப் படிப்பு போதாது. எட்டாம் வகுப்பு பெயில். வரலாற்றில் பெயில் என்று எழுதினால் இந்த இடத்தில் எடுப்பாக இருக்கும். ஆனால் நான் எல்லாப் பாடத்திலும் பெயில்.

அவர் திருப்போரூரில் மனை புரோக்கர். நான் அவருடைய வேன் டிரைவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவன். அப்பன், மாமன், மச்சான் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்குப் படகில் ஏறினால் வாந்தி வரும். மீன்காரன் பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரே சிரித்தது. அதனால் கரையிலேயே ஓடுகிற ஒரு வண்டியில் ஏறிவிட்டேன்.

தொண்ணூறுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்களுக்குத் திருவிழா. தாம்பரத்தில் கஸ்டமர்களை ஏற்றுவோம். வேன் இலவசம், தக்காளிச் சாதப் பொட்டலம் இலவசம், சாரின் பேச்சும் இலவசம். வண்டி கிளம்பியதும் அவர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெள்ளைச் சட்டைப் பையில் பேனா இருக்காது. வாஸ்து பார்க்கிற திசைகாட்டி இருக்கும். வழியில் தெரிகிற ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லிக்கொண்டே வருவார். கருவேலங்காட்டைக் காட்டி ராஜா வேட்டையாடிய காடு என்பார். மாடு குளிக்கிற குட்டையில் ராணியைக் குளிக்க விடுவார். நான் பிரேக் போட்டால்கூட, "இங்கதான் ராஜாவோட தேரு நின்னுச்சு" என்பார். தேர் நிற்கவில்லை, குறுக்கே பன்றி வந்தது. அதைச் சொன்னால் மனை விற்குமா?

"டிரைவரு, ஒண்ணு தெரிஞ்சிக்கோ. ஹிஸ்டரி இல்லாத எடத்துக்கு வெல கெடையாது."

"அப்ப எனக்கு சார்?"

"உனுக்கு இன்னா ஹிஸ்டரி கீது? நீ ஜாக்ரபிகூட கெடையாது."

அப்படிப் பேசும்போது எனக்கு அவரைப் பிடிக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். வாய் திறந்தால் சோறு மறந்து கேட்கலாம். ஒரு தடவை கடப்பாக்கம் பக்கம் இடிந்த கோட்டையைப் பார்க்க கஸ்டமர்களைக் கூட்டிப் போனோம். நவாப் காலத்துக் கோட்டை என்று அங்கே வலை பின்னிக்கொண்டிருந்தவர்களே சொன்னார்கள். சார் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நவாப்பு வந்து வெள்ள அட்ச்சான். செவுரு நம்பளுது" என்றார். வேனில் இருந்த ஒரு பேங்க்காரர் அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்தார். கோட்டைக்கு இல்லை, அங்கிருந்து ரொம்ப தூரத்தில் இருந்த மனைக்கு.

இது வரைக்கும் சாதாரணப் பொய். புரோக்கர் பொய் சொல்லாமல் நானா சொல்வேன்? அவரிடம் இருந்த விசேஷம் வேறு. அது எனக்குப் புரிந்தது நந்தி விஷயத்தில்.

திருப்போரூருக்கு வெளியே ஒரு லே-அவுட் போட்டிருந்தார். தண்ணீர் உப்பு, பஸ் கிடையாது, ஒரு ஆளும் சீந்தவில்லை. மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக் கூடத்துக்குப் போய், காது உடைந்ததால் ஒதுக்கிப் போட்டிருந்த நந்தி ஒன்றை வாங்கினார். நானும் அவரும் வேனில் ஏற்றி வந்து, லே-அவுட்டின் மூலையில் குழி வெட்டிப் புதைத்தோம். அதற்கு முன்னால் சாணியையும் மோரையும் கரைத்து அதன் மேல் பூசி, ஈரச் சாக்கைப் போர்த்தி, பாசி பிடிக்க வைத்தது நான்தான். என் கைநாற்றம் போக ஒரு வாரம் ஆயிற்று. என் மனைவி சோறு போடும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள்.

மழை முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கஸ்டமர்கள் நிற்கும்போது, வேலி நட குழி தோண்டச் சொன்னார். கடப்பாறை 'டங்' என்றது. மண்ணை விலக்கினால் நந்தி. பெண்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். அந்த மாதமே லே-அவுட் காலி.

எல்லாம் விற்ற பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனோம். சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் நந்திக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. சுற்றிலும் ஒரு கஸ்டமர்கூட இல்லை.

"சார், ஆள் யாரும் இல்ல. எதுக்கு இந்த ஆக்ட்டு? இத்த நாமதான பொதச்சோம்?"

என்னை அப்படிப் பார்த்தார், நான் கோயில் உண்டியலில் கை விட்டதைப் பார்த்த மாதிரி.

"நாம பொதச்சோமா? நம்பள பொதைக்க வெச்சது யாரு? அத்த யோசிடா."

அடுத்த வருஷம் அதே கதையைச் சொல்லும்போது, அதில் வேனும் இல்லை, சாணியும் இல்லை, நானும் இல்லை. அவர் தனியாக நடந்து வருகிறார், மண் தானே வெடித்திருக்கிறது, ஒரு கொம்பு தெரிகிறது. பொய் சொல்கிறவனைச் சமாளிக்கலாம், அவனுக்கு உண்மை எது என்று தெரியும். தான் சொன்ன பொய்க்குத் தானே கன்னத்தில் போட்டுக்கொள்கிறவனை என்ன செய்வது?

அந்த நாட்களில் எங்கள் சாப்பாடு பாய் கடையில். கடலோர ரோட்டில், எங்கள் குப்பத்துக்குத் திரும்புகிற இடத்தில், பஸ் நிற்கிற புளியமரத்துக்கு எதிரே தகரக் கூரையும் தகரக் கதவும் போட்ட கடை. காலையில் நாஸ்தா, மத்தியானம் பிரியாணி. டீயும் இட்லியும் அடுப்பு எரிக்கத்தான் காணும். கடையைத் தாங்கி நிறுத்தியிருந்தது டவுன்ஷிப் ஆர்டர். அணுவாராய்ச்சியில் வேலை பார்க்கிறவர்கள் குடியிருக்கிற அந்த டவுன்ஷிப்பில் ஒரு சங்கம் இருந்தது. வருஷப் பிறப்பு, ஆண்டு விழா, ஓய்வு பெறுகிறவர்களுக்கு விருந்து என்று எல்லாவற்றுக்கும் பாயின் அண்டாதான் போகும். பாய் அதை நம்பித்தான் இரண்டு ஆட்களை வைத்துக் கடை நடத்தினார்.

சார் அங்கே கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவார். மண்ணை நக்கும்போதும் கண்ணை மூடுவார், பாயின் பிரியாணிக்கும் மூடுவார். அவர் உண்மையாக மூடியது பிரியாணிக்குத்தான்.

சுனாமி வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கஸ்டமர்கள் வருவதற்கு முன்னால், கடற்கரை மனையில் கலர் கொடி நட நானும் அவரும் காலையிலேயே வந்திருந்தோம். அன்றைக்கு எங்கள் குப்பத்தில் போனவர்களைப் பற்றி இங்கே நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜோக்கடிக்க எனக்கு வாய் வராது. பிழைத்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஓடினோம். சாரின் வேட்டி முள்வேலியில் மாட்டிக்கொண்டது. விட்டுவிட்டு ஓடி வந்தார். ரோட்டுக்கு மேற்கே பள்ளிவாசல். பக்கத்தில் பள்ளிவாசல்காரர்கள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த ஹால். அன்று மத்தியானம் அங்கே ஒரு கல்யாணம். பாய்தான் சமையல். ஊறவைத்த அரிசி அப்படியே இருந்தது. கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து, "கல்யாணத்த அப்பால பாத்துக்கலாம், மொதல்ல இவங்களுக்குப் போடு" என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன். குப்பம் முழுக்க அந்த ஹாலில் உட்கார்ந்து சாப்பிட்டது. அப்புறம் ஒரு வாரத்துக்கும் மேலே அங்கேதான் படுத்தோம். சாருக்கு பாய் தன் கைலியைக் கொடுத்தார். அதைக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போடு பாய்" என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

சுனாமிக்குப் பிறகு கடலோர மனையை எவன் வாங்குவான்? வியாபாரம் படுத்தது. அந்தச் சமயத்தில்தான் கட்சிக்காரர்கள் செங்கல்பட்டிலிருந்து வந்தார்கள். அந்தக் கட்சிக்கு எங்கள் பக்கம் கொடி கட்டக்கூட ஆள் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் இருந்தது. 'நம்ம வரலாற மறச்சுட்டாங்க' என்பது அவர்கள் பேச்சு. மறைத்ததை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். புதைத்துவிட்டு எடுக்கிறதில் எங்கள் சாரை விடக் கைதேர்ந்தவர் யார்?

அவருக்கு ஒரு பதவி கொடுத்தார்கள். நெற்றி நிறைந்தது. பிரியாணி நின்றது. "எங்க வம்சமே சைவம்" என்றார் என்னிடம், என் முகத்தைப் பார்த்தே. திருப்போரூர் ஆபீசில் மனை வரைபடம் மாட்டியிருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது. ஒரு விரலால் தட்டித் தட்டி எழுதுவார். அப்போது எல்லாரும் சேர்ந்துகொண்டிருந்த ஒரு நட்பு சைட். போட்டோ போட்டுப் பேர் எழுதினால் போதும், யார் வேண்டுமானாலும் யாராகவும் ஆகலாம். மனைக்கு ஹிஸ்டரி செய்தவர் இப்போது ஆளுக்கு ஹிஸ்டரி செய்தார். ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர், அமெரிக்காவில் இருக்கிற ஒரு பெண், ஒரு கோயில் குருக்கள், எல்லாமே அவர் ஒருவர்தான். இவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் 'கண்ணில் நீர் வந்தது' என்று பாராட்டுவார். நான் டீ வாங்கிக்கொண்டு வரும்போது ரூமில் ஒருவர்தான் இருப்பார், சைட்டில் கல்யாணக் கூட்டம்.

ஒரு நாள் கூப்பிட்டார். "டிரைவரு, இங்க வா. இது யாரு பாரு."

ஸ்கிரீனில் கோட்டு, டை போட்ட ஒரு ஆள். மீசை எனக்குத் தெரிந்த மீசை. லைசென்சு புதுப்பிக்க எடுத்த போட்டோ அது. ஸ்டுடியோவில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும், வருகிறவன் எல்லாம் அதை மாட்டிக்கொள்வான். மேலே கோட்டு, கீழே லுங்கி. லுங்கி போட்டோவில் வராது.

"என்னா சார் எழுதி கீது?"

"முனைவர். வரலாற்றுப் பேராசிரியர்."

"நானா?"

"மூஞ்சி மட்டும் உன்து. மூள என்து."

சிரித்தேன். பெருமையாகவும் இருந்தது. எட்டாம் வகுப்பு வாத்தியார் பார்த்திருந்தால் ராஜினாமா செய்திருப்பார். கோட்டை, ராஜா, தேர் என்று நான் ஏதேதோ எழுதிக்கொண்டிருந்தேனாம். மதுரையிலிருந்தும் துபாயிலிருந்தும் 'அய்யா வணக்கம்' என்று எழுதினார்கள். நானும் கொஞ்ச நாள் வேனைக் கொஞ்சம் கௌரவமாக ஓட்டினேன்.

தேர்தல் வரப்போகிற நேரம். கடலோரக் குப்பங்களில் காலூன்ற வேண்டும் என்று கட்சி அவரை நெருக்கியது. குப்பத்துக்கும் பள்ளிவாசலுக்கும் நடுவில் ஒரு சண்டையும் கிடையாது. சண்டை இல்லாத இடத்தில் ஓட்டு எப்படி வரும்? அதற்கும் ஒரு ஹிஸ்டரி தேவைப்பட்டது.

ஒரு காலை, புளியமரத்தில் கட்சிப் பையன்கள் ஒரு பிரிண்ட் அவுட்டை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். கூட்டம் கூடியிருந்தது. என் மனைவி பத்தாவது வரை படித்தவள். அவளைப் படிக்கச் சொன்னார்கள். சத்தமாகப் படித்தாள். சுனாமி அன்று உயிருக்கு ஓடி வந்த மீனவர்களைப் பார்த்துப் பள்ளிவாசல்காரர்கள் ஹால் கதவைப் பூட்டிக்கொண்டார்கள். தட்டியும் திறக்கவில்லை. கட்சித் தொண்டர்கள்தான் சோறு போட்டுக் காப்பாற்றினார்கள். இந்த உண்மையை மறைத்துவிட்டார்கள். "இதை நான் என் கண்ணால் பார்த்தேன். இப்படிக்கு, முனைவர்..."

நிறுத்தினாள். பேப்பருக்குக் கிட்டே போனாள்.

"யோவ்! இது நீ!"

குப்பமே சிரித்தது. "டாக்டரே, எனுக்கு இடுப்பு வலி." "டேய், இவுரு ஹிஸ்டரி டாக்டருடா, செத்தவனத்தான் பாப்பாரு." "கோட்டு யார்துடா மச்சான்?" என் மாமன் மகன் என் லுங்கியைப் பிடித்து இழுத்து, "பேராசிரியரு, கீழ இன்னா போட்டு கீறீங்க?" என்றான். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

பாய் ரோட்டைத் தாண்டி வந்தார். பிரிண்ட் அவுட்டில் எழுத்துக்குக் கீழே ஒரு போட்டோ. நாங்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற போட்டோ, அன்று யாரோ பத்திரிகைக்காரர் எடுத்தது. சோறு போடுகிறவரை ஓரத்தில் வெட்டிவிட்டிருந்தார்கள். கரண்டி பிடித்த கை மட்டும் மிச்சம். அதற்குக் கீழே 'எங்கள் தொண்டரின் கை' என்று எழுதியிருந்தது. மணிக்கட்டில், எண்ணெய் தெறித்து வெந்த பழைய தழும்பு.

பாய் தன் கையைப் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இது என் கை" என்றார்.

சிரிப்பு நின்றுபோயிற்று.

குப்பத்தில் யாரும் நம்பவில்லை. சாப்பிட்டவனிடம் போய் நீ சாப்பிடவில்லை என்றால் எப்படி நம்புவான்? என் மாமன் மகன் பேப்பரைக் கிழித்து மீன் கூடைக்கு அடியில் போட்டான். ஆனால் அந்தப் பேப்பர் எங்களுக்காக எழுதியது இல்லை. அது மெயிலில் போயிற்று. ஆபீஸ் ஆபீஸாகப் போயிற்று. எங்களைப் பார்த்தே இராதவர்கள் எங்களுக்காக அழுதார்கள். வருஷப் பிறப்பு நெருங்கும்போது டவுன்ஷிப் சங்கத்திலிருந்து போன் வந்தது, இந்த வருஷம் ஆர்டர் வேண்டாம் என்று. பாய் ஒரு ஆளை நிறுத்தினார். அடுத்து கடையைத்தான் நிறுத்த வேண்டும்.

"வா மாமு, அவுரயே போய்க் கேப்பம்" என்றார் பாய் என்னிடம்.

திருப்போரூர் ஆபீசில் சார் தனியாக இருந்தார். பாயைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்காலி போட்டார். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

"சார், அன்னிக்கு நீங்க வந்தீங்க. நான் சோறு போட்டேன். இன்னும் கொஞ்சம் போடு பாய்னு கேட்டீங்க. நெனப்பு கீதா?"

சார் ஜன்னலைப் பார்த்தார். திரும்பினார். கண்ணில் தண்ணீர்.

"நான் கதவத் தட்டுனேன் பாய்" என்றார். "இடுப்புல துணி இல்லாம நின்னுகினு தட்டுனேன். உள்ள பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. யாரும் தொறக்கல. உங்க மேல எனுக்குக் கோவம் இல்ல பாய். நான் உங்கள மன்னிச்சிட்டேன்."

மன்னித்துவிட்டாராம். வாயைப் பிளந்தவன் நான். நந்திக்கு முன்னால் பார்த்த அதே கண். நடிப்பு இல்லை. 

"சார், நான் உங்க பக்கத்து எலைல ஒக்காந்து துன்னேன்" என்றேன்.

"நீ அன்னிக்கு மயக்கத்துல இருந்தடா" என்றார் பாசமாக.

பாயை வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினேன். மாமல்லபுரம் தாண்டிய பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மாமு... கதவு தொறந்துதான இருந்துச்சு? ஒருவேள அவுரு வந்தப்ப காத்துல சாத்திக்கிச்சோ? நான் பின்னால அடுப்பாண்ட இருந்தேன். எனுக்குத் தெரியாம யாராச்சும்..."

வண்டி கரையில்தான் ஓடியது. எனக்குப் படகில் ஏறின மாதிரி இருந்தது. பொய் சொன்னவன் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறான், சோறு போட்டவன் தன் மேலேயே சந்தேகப்படுகிறான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"கதவா? அந்த ஹாலுக்கு அப்ப ஏதுய்யா கதவு? நெலைகூட வெக்கல. செவுத்துல ஓட்ட கணக்கா இருந்துச்சு. பொம்பளைங்க ஈரத் துணி மாத்த எடம் இல்லாம, அந்தக் கல்யாண வூட்டு ஆளுங்க குடுத்த பொடவய நான்தான வாசல்ல கட்டுனேன்! ஆணிகூட இல்லாம சாரத்துக் கம்புல முடிச்சுப் போட்டேன். கதவு அதுக்கு அடுத்த வருசந்தான் வந்துச்சு. பெருசா டாக்டராம், கதவ தட்டுனாராம்!"

நான் அந்த ஹாலில் ஒரு வாரத்துக்கு மேலே படுத்திருந்தவன். பாய் அங்கே சமைத்தவர். இருவருக்கும் அது மறந்திருந்தது. கதவு, கதவு என்று அத்தனை பேர் சொன்னதில் எங்கள் மண்டைக்குள்ளேயே ஒரு கதவு வந்து மாட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் திருப்போரூர் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்திய அம்மா என் பேரில், என் நிஜப் போட்டோவோடு ஒரு கணக்குத் திறந்து கொடுத்தார். நான் சொல்லச் சொல்ல அந்த முனைவர் எழுதியதற்குக் கீழே தட்டினார். 'அந்த ஹாலுக்கு அப்போது கதவே கிடையாது. நான் அங்கே சாப்பிட்டேன். இந்தப் போட்டோவில் இருக்கிற பேராசிரியர் நான்தான், நான் வேன் டிரைவர்.'

கொஞ்ச நேரத்திலேயே பதில் வந்து குவிந்தது. அந்த அம்மா படித்துக் காட்டினார். 'யாருடா நீ?' 'முனைவர் போட்டோவைத் திருடி எவனோ போலிக் கணக்குத் திறந்திருக்கிறான், எச்சரிக்கை.' அமெரிக்காப் பெண் மனம் வருந்தினாள். மிலிட்டரிக்காரர் என்னைச் சுட்டுத்தள்ள வேண்டும் என்றார். கடைசியில் முனைவரே வந்தார், கோட்டும் டையுமாக, என் மூஞ்சியோடு. 'தம்பி, கதவு இல்லை என்கிறீர்களே, அந்தக் கதவை ஏன் கழற்றினார்கள் என்று என்றாவது கேட்டதுண்டா?'

மறுநாள் பார்க்கும்போது என் கணக்கைத் தூக்கிவிட்டிருந்தார்கள். என் மூஞ்சிக்கு நான் போலி என்று தீர்ப்பு. முனைவர் இருந்தார்.

மிச்சம் இருந்த வழி, டவுன்ஷிப் சங்கத்துச் செயலாளரை நேரில் பார்ப்பது. பாய், நான், என் மனைவி மூன்று பேரும் போனோம். தென்பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். காபி கொடுத்தார்.

"பாய், உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? எத்தன வருஷமாச் சாப்பிடுதோம். ஆனா பாருங்க, ஒரு பேராசிரியரு எழுதியிருக்காரு..."

"அந்தப் பேராசிரியரு இவன்தான் சார்" என்று பாய் என்னைக் காட்டினார். செயலாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார். லுங்கியில் வந்து கண் நின்றது. நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல முடியாது, நானே நம்பியிருக்க மாட்டேன்.

"சரி, எதுக்கு வம்பு. இதுல ரெண்டு பக்கமும் பேசுதாங்க. நாங்க எந்தப் பக்கமும் சாயாம இருக்கணும்லா?"

என் மனைவி காபி டம்ளரை வைத்தாள்.

"எங்களுக்குத் தண்ணி ஒரு பக்கமாத்தான் சார் வந்துச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் ஆர்டர் வரவில்லை.

சங்கம்தான் வரவில்லை. சங்கத்தின் நாக்கு வந்தது. ஒரு மாதம் போனதும் டவுன்ஷிப் ஸ்கூட்டர் ஒன்று புளியமரத்துக்குப் பின்னால் நின்றது. ஒரு ஆள் வந்து ஒரு பார்சல் கேட்டு, அதைக் காய்கறிப் பைக்கு அடியில் வைத்து, மேலே கீரைக்கட்டைப் பரப்பிக்கொண்டு போனார். அடுத்த வாரம் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். வாய் பாய் கடையில், பேர் வெளியே வரக்கூடாது. பாய் கொஞ்ச நாள் பார்த்தார். ஒரு நாள் அட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார். 'பார்சல் இல்லை.'

"பேஜாருப்பா உன்னோட" என்றேன். "இருக்கற நாலு கிராக்கியையும் தொரத்தற. கட நிக்குமா?"

"சோறு துன்ன வெக்கப்படறவனுக்கு நான் கீரைக்கட்டு வித்துக் குடுக்கணுமா மாமு? வரவன் ஒக்காந்து துன்னட்டும். நாலு பேரு பாக்கட்டும். இல்லாட்டி கட போனாப் போவுது."

கொஞ்ச நாள் ஈ ஓட்டினார். அப்புறம் அந்த ஸ்கூட்டர்காரர்களில் ஒருவர், மனைவி பிள்ளைகளோடு பட்டப்பகலில் வந்து உட்கார்ந்தார். சிலர் அப்படி வந்தார்கள், பலர் வரவில்லை. கடை படுத்துவிடவில்லை, எழுந்தும் நிற்கவில்லை. குந்திக்கொண்டு இருந்தது.

நான் சாரிடம் வேலையை விட்டு, மணல் லாரி ஓட்டப் போய்விட்டேன். தேர்தல் முடிந்தது. எங்கள் பக்கம் கட்சிக்கு ஒன்றும் விழவில்லை. ஆனால் அந்தக் கதவு வேறு வேறு ஊர்களில் ஓட்டு வாங்கிக் கொடுத்தது என்று பிரவுசிங் சென்டர் அம்மா சொன்னார்.

ஒரு மத்தியானம் நான் பாய் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நல்ல வெயில், கூட்டம் இல்லை. கட்சிக் கொடி கட்டிய கார் ஒன்று மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. டிரைவர் இறங்கி வந்தான்.

"பாய், ஒரு மட்டன் பார்சல். பேரு எழுதாத."

பாய் அட்டையைக் காட்டினார். டிரைவர் திரும்பிப் போனான். கார் ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. அப்புறம் பின்கதவு திறந்தது. சார் இறங்கினார். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வேகமாக உள்ளே வந்து, சுவரைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்ததை அழித்துவிட்டார்.

பாய் இலையைப் போட்டார். தண்ணீர் தெளித்தார். தழும்பு இருந்த அதே கையால் பரிமாறினார். சார் கண்ணை மூடிக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

வெளியே பஸ் வந்து நின்றது. ஆட்கள் இறங்குகிற சத்தம். சாரின் தோள் சுருங்கியது. இலைக்கு மேல் இன்னும் குனிந்தார்.

பாய் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார்.

"சார், கதவ சாத்தட்டா?"

சார் தலையைத் தூக்காமல் சொன்னார்.

"சாத்து பாய்."

பாய் போய்த் தகரக் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு வந்து, இன்னும் கொஞ்சம் போட்டார்.